வீடு தேடும் கதைகள்: அண்மையில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசுவோம்

ஈசூன்வாசி

அண்மையில் இங்கே சிங்கப்பூரில், வீட்டில் மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்த்தோம். ‘மெய்யழகன்’ (இரண்டாவது முறை), ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, ‘3பிஎச்கே’. யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை, அமைந்துவிட்டது. பார்த்து முடித்த பிறகுதான் மூன்றும் வீட்டைப் பற்றிய கதைகள் என்பது உறைத்தது. ஒன்றில் பிறந்து வளர்ந்த வீட்டை இழந்தவர், இன்னொன்றில் நாட்டையே விட்டுவிட்டு வந்து வாடகை வீட்டில் ஒளிந்து வாழும் குடும்பம், மூன்றாவதில் சொந்த வீடு வாங்குவதற்குள் ஆயுளில் பாதியைத் தொலைக்கும் குடும்பம்.

என்னை அதிகம் உலுக்கியது ‘3பிஎச்கே’. 2025 ஜூலையில் வந்தது, ஸ்ரீ கணேஷ் இயக்கம். சரத்குமார் அப்பா, தேவயானி அம்மா, சித்தார்த் மகன், மீதா ரகுநாத் மகள். கொஞ்சம் பணம் சேரும். உடனே படிப்புச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணச் செலவு என்று ஏதாவது ஒன்று வந்து விழுங்கிவிடும். இவர்கள் சேர்க்கும் வேகத்தைவிட வீட்டு விலை வேகமாக ஏறும். வில்லன் என்று யாரும் கிடையாது. இவ்வளவு நேரம் வெறும் கணக்கு வழக்கை வைத்து ஒரு படத்தை நகர்த்த முடியும் என்பதே எனக்கு ஆச்சரியம்.

ஆனால் ஒரு உறுத்தல். அப்பாவால் முடியாததை மகன் முடித்தே ஆக வேண்டும் என்பதைப் படம் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்கிறதோ? பார்த்தவர்கள் சொல்லுங்கள். வேறு படங்கள் பார்த்திருந்தாலும் எழுதுங்கள்.

சிராங்கூன் சித்தப்பா

நான் பார்த்தேன். என் மருமகனும் மகளும் பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு செய்த பிறகு அரசு கட்டித்தரும் வீடு) காத்திருக்கும் நேரத்தில் எங்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தப் படம் கொஞ்சம் தள்ளி நின்ற மாதிரி இருந்ததாம். எனக்கு அப்படி இல்லை.

இங்கே நமக்குக் கிடைத்தது அங்கே அந்த அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1960-ல் தொடங்கியது. 1964-ல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968-லிருந்து மத்திய சேம நிதிப் பணத்தை வீடு வாங்கப் பயன்படுத்தலாம் என்றார்கள். சாதாரணச் சம்பளக்காரர் கையில் வீட்டுச்சாவி வந்ததற்கு அந்த 1968 முடிவு பெரிய காரணம். மாதா மாதம் சம்பளத்திலிருந்து தானாகப் போகும் பணம், மருத்துவமனைக்கும் கல்யாணத்துக்கும் கரையாமல் வீட்டுக்கென்று நிற்கும். படத்தில் சரத்குமாருக்கு அந்தப் பூட்டுதான் இல்லை. கையில் இருக்கும் பணத்தைத் தேவை வரும்போது எடுக்காமல் எந்தத் தகப்பனால் இருக்க முடியும்?

ஆனால் நம் ஆட்கள் எல்லாருக்கும் அந்தப் பாதை நேராக அமையவில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்களும் மலையாளிகளும் தளத்துக் குடியிருப்புகளில்தான் இருந்தார்கள். 1971-ல் பிரிட்டிஷ் படை வெளியேறியபோது வேலையோடு வீடும் போனது. பல குடும்பங்கள் ஊருக்கே திரும்பின. வீடு என்பது முதலாளி கொடுத்ததாக இருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் போகும் என்பதை எங்கள் தலைமுறை நேரில் பார்த்தது. அதனால்தான் எனக்கு அந்த அப்பாவின் பிடிவாதம் மிகையாகத் தெரியவில்லை.

மலர்விழி

சித்தப்பா, அப்பாவின் பிடிவாதம் புரிகிறது. அந்தப் பிடிவாதத்துக்கு வீட்டுப் பெண்கள் கொடுக்கும் விலையைப் படம் போகிற போக்கில் சொல்கிறது. அம்மாவும் மகளும் விட்டுக்கொடுப்பதை நல்ல குணமாகக் காட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். தேவயானி நன்றாக நடித்திருக்கிறார், ஆனால் அவருக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சமையலறை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருக்க மாட்டாரா?

இதோடு ‘லப்பர் பந்து’வை வைத்துப் பாருங்கள். 2024 செப்டம்பரில் வந்தது, தமிழரசன் பச்சமுத்து இயக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் ரப்பர் பந்து கிரிக்கெட், ‘கெத்து’வாக வரும் தினேஷுக்கும் ஹரீஷ் கல்யாணுக்கும் இடையே வீம்பு, கூடவே காதல். ஆனால் சுவாசிகாவின் யசோதா டிராக்டரோடு மைதானத்துக்குள் வரும்போது, அந்த வீட்டை யார் தாங்குகிறார் என்பது ஒரே காட்சியில் தெரிந்துவிடும். சாதியைப் பற்றியும் அது பேசுகிறது, மேடைப் பேச்சாக இல்லை. நன்றாக விளையாடும் ஒருவனை அணியில் ஏன் சேர்ப்பதில்லை என்று ஊருக்கே தெரியும், யாரும் வாய்திறக்க மாட்டார்கள். அதைக் காட்டியே புரியவைத்துவிடுகிறார்கள்.

என் வீட்டில் எல்லா வயதினரும் சேர்ந்து ரசித்த படம் அதுதான்.

பொங்கோல் பையன்

லப்பர் பந்துக்கு என் ஓட்டு. தியேட்டரில் பார்த்தேன். கெத்து வரும்போது அந்தப் பழைய விஜயகாந்த் பாட்டு ஒலித்ததும் பின்வரிசையில் இருந்த அண்ணன்கள் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். விஜயகாந்த் 2023 டிசம்பரில் இறந்தார், படம் வந்தது அடுத்த ஆண்டு. அவர் மேல் அவர்களுக்கு இருந்த பாசம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அது திரையரங்கில் மட்டுமே கிடைக்கும் அனுபவம்.

‘மகாராஜா’வும் பிடித்தது. நித்திலன் சாமிநாதன் காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டு, கடைசியில் ஒன்று சேர்க்கும் விதம் அருமை. ஆனால் இன்னொரு முறை பார்க்க மனம் வரவில்லை. அதில் வரும் பெண்ணுக்கு நடந்த கொடுமையைக் கதைத் திருப்பத்துக்காகப் பயன்படுத்தியது எனக்கு ஒப்பவில்லை.

‘மெய்யழகன்’ மட்டும் எனக்குள் இறங்கவில்லை. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு ஊர் என்றால் அடுக்குமாடி புளோக், கீழ்த்தளம், பக்கத்து காப்பிக்கடை. இரண்டு பேர் விடிய விடியப் பேசுவதை உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இல்லை. வெளியான சில நாளில் அவர்களே ஏறக்குறைய 18 நிமிடத்தைக் குறைத்தார்கள் அல்லவா?

தஞ்சைக்காரன்

தம்பி, குறைத்தது உண்மை. குறைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

நான் தஞ்சாவூர் பக்கம்தான். இங்கே வேலை, தங்குவிடுதியில் இருக்கிறேன். ‘மெய்யழகன்’ பிரேம்குமார் எடுத்தது, 2024 செப்டம்பரில் வந்தது. 1996-ல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போகிறது அருள்மொழியின் குடும்பம். 22 வருடம் கழித்துத் தங்கை புவனாவின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார் அருளாக நடிக்கும் அரவிந்த் சாமி. அங்கே கார்த்தி ‘அத்தான், அத்தான்’ என்று ஒட்டிக்கொள்கிறார். இவருக்கு அவர் யார், பெயர் என்ன என்றே தெரியாது. கேட்கவும் வெட்கம்.

வெளிநாட்டில் இருப்பவனுக்கு அந்த வெட்கம் என்னவென்று தெரியும். லீவில் ஊருக்குப் போனால் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “எப்பப்பா வந்தே, என்னைத் தெரியுதா?” என்பார்கள். தெரியும் தெரியும் என்று சிரிப்போம். உள்ளுக்குள் பதறும். அவர் நம்மைத் தூக்கி வளர்த்தவராக இருப்பார். நாம் இல்லாத காலத்தில் நம் அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவராகவும் இருப்பார்.

படத்தில் அந்தப் பேச்சு நீளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அருள் இறுகிப்போன மனிதர். கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடத்தான் பார்க்கிறார். அந்த இறுக்கம் ஐந்து நிமிடத்தில் தளராது. சாப்பாடு, அப்புறம் குளத்தங்கரை, அப்புறம் வீட்டுத் திண்ணை என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளரும். அதை வெட்டினால் அவர் எதற்கு அழுகிறார் என்பதே புரியாது.

இன்னொன்று. அந்தச் சைக்கிள். இவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன பொருள் இன்னொரு குடும்பத்தையே நிமிர்த்திவிட்டது என்று தெரியவரும் இடம். வீடு போனதையே நினைத்துக் கசந்துபோன மனிதருக்கு, தான் விட்டுவந்ததில் ஒன்று வீணாகவில்லை என்று சொல்கிறார்கள். எனக்கு அது போதும்.

பொங்கோல் பையன்

அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரி யோசித்தால் அந்த வெட்கம் எனக்கும் பிடிபடுகிறது. பாட்டியின் சொந்தக்காரர்கள் வீடியோ அழைப்பில் வரும்போது நானும் அப்படித்தான் சிரிக்கிறேன். ஆனால் படம் நீளம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அருளின் இறுக்கத்தை அரவிந்த் சாமியின் முகமே காட்டிவிடுகிறது. கல்யாண மேடையில் தங்கைக்குப் பரிசு போட்டுவிடும் அந்தக் காட்சியில் வசனம் எவ்வளவு குறைவு! படத்திலேயே மிக நல்ல காட்சி அதுதான். அவ்வளவு குறைவாகப் பேசி அழவைக்கத் தெரிந்த இயக்குநர் மற்ற இடங்களில் ஏன் அவ்வளவு பேசவைக்க வேண்டும்?

ஈசூன்வாசி

மேடைக் காட்சி பற்றிச் சொன்னது சரி. கோவிந்த் வசந்தாவின் இசையும் அந்த இடத்தில் தன்னை முன்னால் தள்ளிக்கொள்ளாது. கமல் பாடிய பாட்டு தனியாகக் கேட்கும்போதும் நிற்கிறது.

யாழ்நிலா

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பற்றி யாரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன்.

என் பூட்டன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு எழுத்தர் வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்க வந்தவர்கள்தான் இங்குள்ள இலங்கைத் தமிழர்களில் பலருடைய முன்னோர். சிலோன் ரோட்டில் உள்ள செண்பக விநாயகர் கோயில் அவர்கள் எழுப்பியது. அப்படி வந்தவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை, இருக்கட்டும்.

அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம். மிகச் சின்ன வயது. சசிகுமார், சிம்ரன், இரண்டு பிள்ளைகள். இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் படகில் ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் தங்களைப் பற்றிய உண்மையை மறைத்து வாழ்கிறார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு தமிழர்கள் அப்படிப் படகில் தனுஷ்கோடிக் கரைக்கு வந்தது நிஜத்தில் நடந்தது.

படம் எனக்குப் பிடித்தது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காலனியில் வயதான அம்மா இறந்துபோக, யாரென்றே தெரியாத இந்தக் குடும்பம் முன்னால் நின்று இறுதிக்காரியத்துக்கு ஆக வேண்டியதைப் பார்க்கும் பகுதி இருக்கிறதே, அதற்காகவே பார்க்கலாம். பல வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் முகம் பார்க்காத ஆட்கள் அன்றைக்குத்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இளங்கோ குமரவேலின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. குட்டிப் பையன் கமலேஷ் வரும் இடமெல்லாம் வீடே சிரித்தது.

ஆனால் எனக்குக் கோபமும் வந்தது. படத்தில் எல்லாருமே நல்லவர்களாக இருக்கிறார்கள், அதனால் எல்லாம் சரியாகிவிடுகிறது. நிஜத்தில் அப்படிக் கரையேறியவர்களை முகாமுக்குத்தான் அனுப்பினார்கள். இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நிலைமை அக்கம்பக்கத்தாரின் அன்பால் மட்டும் மாறிவிடாது. காலனி மனது வைத்தால் போதும் என்ற நிம்மதியோடு நாம் டிவியை அணைத்துவிடுகிறோம். அந்த நிம்மதி எனக்கு வேண்டாம்.

பேச்சு வழக்கிலும் சில இடங்களில் இடறுகிறது. சிம்ரன் நிறைய உழைத்திருக்கிறார், தெரிகிறது.

மலர்விழி

யாழ்நிலா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. இருந்தாலும் என் பிள்ளைகள் இந்தப் படம் பார்த்த பிறகுதான், “ஏன் படகில் வர வேண்டும், விமானத்தில் வரக்கூடாதா?” என்று கேட்டார்கள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இலங்கையைப் பற்றி நெடுநேரம் பேசினோம். முகாமைக் காட்டும் கடுமையான படமாக இருந்திருந்தால் நான் அவர்களை உட்காரவைத்திருக்க மாட்டேன்.

யாழ்நிலா

அதுவும் சரிதான். பிள்ளைகளோடு அந்தப் பேச்சைத் தொடருங்கள். முகாம் பற்றியும் ஒரு நாள் சொல்லுங்கள்.

திரைப்பித்தன்

தாமதமாக வருகிறேன். எல்லாரும் கதையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஓசையைப் பற்றிப் பேச வருகிறேன்.

‘கொட்டுக்காளி’ பார்த்தவர்கள் யாராவது உண்டா? பி.எஸ். வினோத்ராஜ், 2024. சூரி, அன்னா பென். அந்த ஆண்டு பெர்லின் விழாவில் முதலில் திரையிட்டார்கள், ஆகஸ்ட்டில் தியேட்டருக்கு வந்தது. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல், காற்று, ஆட்களின் ஏச்சு. ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் குடும்பமே அவளைச் சாமியாரிடம் கூட்டிப்போகிறது. அவள் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. கூட வரும் ஆண்கள் எல்லாரும் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். படம் முடியும்போது யாருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பதில் சந்தேகமே இருக்காது.

நான் பார்த்த காட்சியில் சிலர் பாதியில் எழுந்து போனார்கள், சிலர் சத்தமாகவே பேசினார்கள். இசை இல்லாத படத்துக்கு அரங்கின் அமைதிதான் இசை. அது கிடைக்காவிட்டால் பாதிப் படம் போய்விடும்.

இந்த மாதிரிப் படங்களை இனி எங்கே பார்ப்பது என்பதே என் கவலை. 2025 ஆகஸ்ட்டில் இங்கே சின்னப் படங்களைத் திரையிட்டுவந்த ‘தி புரொஜெக்டர்’ அரங்கு மூடியது. அடுத்த மாதமே கேத்தே திரையரங்குகளும் முடிவுக்கு வந்தன. பெரிய நடிகர் படம் என்றால் கவலையில்லை, எப்படியும் திரை கிடைக்கும். சின்னப் படத்துக்கு முதல் வாரம் இரண்டு மூன்று காட்சி, அதுவும் வேலைநாள் இரவில். வார இறுதிக்குள் எடுத்துவிடுவார்கள். நல்லா இருக்காம் என்று வாய்மொழியாகச் செய்தி பரவுவதற்கு ஏது நேரம்? அதனால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்களுக்குப் பிடித்த சின்னப் படத்துக்கு முதல் வாரத்திலேயே போங்கள். ஓடிடியில் வரட்டும் என்று நாம் எல்லாரும் காத்திருந்தால், அடுத்த படத்தை இங்கே கொண்டுவர எவரும் முன்வர மாட்டார்கள்.

தஞ்சைக்காரன்

எங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. ஞாயிறு மதியக் காட்சி ஒன்று வைத்தால் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வரும் ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள். சின்னப் படம் என்றாலும் வருவார்கள். ‘வாழை’க்கு எங்கள் அறையில் எல்லாரும் போக ஆசைப்பட்டோம், நேரம் ஒத்துவரவில்லை. கடைசியில் ஆளுக்கொரு கைப்பேசியில் பார்த்தோம். வாழைத்தார் சுமக்கும் பையன்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டில் அண்ணன் சட்டையைக் கழற்றித் தன் தோள்பட்டைத் தழும்பைக் காட்டினார். அவரும் சின்ன வயதில் சுமந்தவராம்.

மலர்விழி

‘வாழை’யைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாரி செல்வராஜ் தன் சின்ன வயதுக் கதையை எடுத்திருக்கிறார். முதல் பாதி நிறையச் சிரிப்பு, டீச்சர் மேல் பையனுக்கு உள்ள பிரியம், நண்பர்கள் சண்டை. முடிவு அப்படி இருக்காது. சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். அந்தப் பசியோடு அவன் சோற்றில் கைவைக்கும் காட்சிக்குப் பிறகு நான் வெகுநேரம் பேசவில்லை.

பொங்கோல் பையன்

எல்லாரும் சொல்வதைப் படிக்கும்போது ஒரு கேள்வி. தஞ்சாவூருக்குப் படம் இருக்கிறது, தூத்துக்குடி பக்கத்து வாழைத்தோட்டத்துக்குப் படம் இருக்கிறது, சென்னைக் காலனிக்கும் இருக்கிறது. சித்தப்பா சொன்ன செம்பவாங் கதைக்கு, நம் புளோக்குக்கு, தமிழில் என்ன இருக்கிறது? 1979-ல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தை இங்கே எடுத்தார்கள் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அது இங்கே சுற்றிப் பார்க்க வந்தவர்களின் சிங்கப்பூர். நம் வீட்டுக்குள் வந்த படம் எது?

சிராங்கூன் சித்தப்பா

தம்பி, இருக்கிறது. குறைவுதான், ஆனால் இருக்கிறது.

‘மை மேஜிக்’, 2008, எரிக் கூ. பெரும்பாலும் தமிழில் பேசும் படம். குடிக்கு அடிமையான முன்னாள் மாயவித்தைக்காரர் ஒருவர், மகனுக்காக மறுபடி மேடையேறுகிறார். கான் விழாவின் முக்கியப் போட்டிக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படம் அதுதான். அந்தப் பெருமை ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதைக்குக் கிடைத்தது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

‘எ யெல்லோ பர்ட்’, 2016, கே. ராஜகோபால். சிறையிலிருந்து வெளியே வரும் சிவா தன் மனைவியையும் மகளையும் தேடுகிறான். பெற்ற தாயே ஏற்றுக்கொள்ளவில்லை. இதுவும் கானில் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. பார்ப்பதற்குக் கஷ்டமான படம். இந்த இழையின் பேச்சோடு அதிகம் பொருந்துவது அதுதான் என்பேன். இங்கே வீடு கட்டடத்தில் குறை இல்லாமல் இருக்கிறது, அதற்குள் அவனுக்கு இடமில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ‘ஜகாட்’, 2015, சஞ்சய் குமார் பெருமாள். 1990-களின் தொடக்கத்து மலேசியா. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியே வந்த தமிழ்க் குடும்பங்கள், அப்போய் என்ற கெட்டிக்காரப் பையன், அவனைச் சுற்றி இழுக்கும் குண்டர் கும்பல். அந்த அப்பா பையனை அடிக்கும்போது எனக்கு ‘3பிஎச்கே’ அப்பாவும் நினைவுக்கு வந்தார். இருவருக்கும் பயம் ஒன்றுதான். ஒருவர் அந்தப் பயத்தை நாசூக்காகச் சொல்கிறார், இன்னொருவர் பெல்ட்டால் சொல்கிறார். மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஈசூன்வாசி

சித்தப்பா, என் முதல் கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. ‘ஜகாட்’ பார்த்திருக்கிறேன். அது அந்தப் பையன் உயரத்தில் நின்று அப்பாவைப் பார்க்கிறது. ‘3பிஎச்கே’ அப்பாவின் தோள் மேல் நின்று மகனைப் பார்க்கிறது. அதனால்தான் மகன் மேல் ஏற்றப்படும் பாரம் அங்கே கடமையாகத் தெரிகிறது. சித்தார்த் நன்றாக நடித்தும் அந்த இடத்தில் கதை அவரைக் கைவிடுகிறது.

புதியவள்

இந்தப் பேச்சை இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அம்மா அடுத்த வாரம் ஊரிலிருந்து வருகிறார். முழங்கால் வலி, தியேட்டரில் நீண்ட நேரம் உட்கார முடியாது. வீட்டில் சேர்ந்து பார்க்க ஒன்று சொல்லுங்களேன். சண்டைப் படம் வேண்டாம்.

மலர்விழி

‘லப்பர் பந்து’. யோசிக்கவே வேண்டாம்.

யாழ்நிலா

‘டூரிஸ்ட் ஃபேமிலி’. நான் அவ்வளவு குறை சொன்ன பிறகும் இதையே சொல்கிறேன். அம்மாவுக்குப் பிடிக்கும்.

தஞ்சைக்காரன்

அக்கா, ‘மெய்யழகன்’ பாருங்கள். வீட்டில் என்பதால் இடையில் நிறுத்திக் காலை நீட்டிக்கொள்ளலாம், காப்பி போடலாம். பார்த்து முடித்ததும் அம்மாவிடம் பழைய ஆட்களைப் பற்றிக் கேளுங்கள். பெயர் மறந்துபோனவர்களை அவர் சொல்லுவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.